மேரிட் என்கிற நீர்நிலை

சிக்னே டாலன் இறந்தது டிசம்பர் மாதத்தில். எழுபது வருட வாழ்க்கையில் அடுத்தவருக்கு அவள் கொடுத்த சிரமம் அது ஒன்றுதான். வடக்கு மின்னசோட்டாவில் டிசம்பர் மாதத்து மண்ணில் கடப்பாரையைப் போட்டால் கடப்பாரைதான் அழும். அதனால் பனிக்காலத்தில் செத்தவர்களுக்கு அங்கே தனி ஏற்பாடு உண்டு. இடுகாட்டு மேட்டைக் குடைந்து கட்டிய கல் அறையில் பெட்டியோடு வரிசையாக வைத்துவிடுவார்கள். மே மாதம் மண் இளகியதும் ஒவ்வொருவராக எடுத்துப் புதைப்பார்கள். செத்த பிறகும் ஐந்து மாதம் வரிசையில் காத்திருக்க வேண்டும். அந்த ஊர்க்காரர்கள் அதைக்கூடக் குறை சொல்வதில்லை. எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் "மோசமில்லை" என்பார்கள். வீடு எரிந்தாலும் மோசமில்லை, பயிர் அழிந்தாலும் மோசமில்லை.

சிக்னேயின் கணவர் ஹால்வர் டாலன் அந்த ஊரிலேயே கெட்டி. துக்கம் கேட்க வந்தவர்களுக்கெல்லாம் காபி ஊற்றிக் கொடுத்து, அவர்கள் கொண்டுவந்த உருளைக்கிழங்குப் பண்டங்களை வாங்கி வைத்துக்கொண்டு, "மோசமில்லை" என்றார். அவர்கள் போன பிறகு மாட்டுக்கொட்டகைக்குப் போய் அரை மணி நேரம் நின்றுவிட்டு வந்தார். அங்கே மாடு விற்றுப் பன்னிரண்டு வருடம் ஆகிறது.

சாகுமுன் சிக்னே ஒன்றே ஒன்று கேட்டிருந்தாள். "என்னை அவ பக்கத்துல வச்சிடு ஹால்வர்."

அவள் என்றால் அவர்களுடைய மகள். நாற்பது வருடத்துக்கு முன் பிறந்து ஒன்பது நாள் இருந்தவள். பண்ணையின் கீழ்க்கோடியில், வில்லோ மரத்தடியில், ஹால்வர் தன் கையாலேயே பெட்டி செய்து புதைத்தார். ஒரு வயல்கல்லை எடுத்து மேலே வைத்தார். அந்தக் காலத்தில் அதற்கு யாரிடமும் எந்தத் தாளும் கேட்க வேண்டியிருக்கவில்லை. அன்றைக்குப் பிறகு அந்தக் குழந்தையின் பெயரை அவர் வாயால் சொன்னதே இல்லை. சொன்னால் சிக்னே உடைந்துபோவாள் என்று பயந்தார். சிக்னேயும் அவரிடம் சொன்னதில்லை.

சொந்த நிலத்தில் புதைப்பதற்கு இப்போது விண்ணப்பம் வேண்டும் என்றார்கள். போட்டார். விண்ணப்பத்தில் 'நிலத்தின் தன்மை' என்ற இடத்தில், பொய் சொல்லத் தெரியாத மனிதர், 'தாழ்வானது, பனி உருகும்போது தண்ணீர் நிற்கும்' என்று எழுதினார். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான். தாழ்வான நிலம் என்றால் ஒரு நகல் மேலே போகும். மேலே என்றால் மத்திய அரசின் நீர்நிலை ஆளுகை அலுவலகம்.

மே மாதம் முதல் வாரம் அங்கிருந்து வெண்டல் ப்ரூக்ஹார்ட் என்ற அதிகாரி வந்தார். கழுத்தில் டை, கையில் கோப்பு, கார்க் கூரையின் மேல் ஒரு படகு. கூடவே இரண்டு உதவியாளர்கள்.

"ஐயா, இது குளமா?" என்றார் ப்ரூக்ஹார்ட்.

"பனி உருகின தண்ணி சார். ஜூன் கடைசில வத்திடும். எங்க மாடே இதைக் குளம்னு மதிச்சதில்ல."

"படகு போகுமா?"

"எதுக்கு சார் படகு? இந்தக் கரையில நின்னு துப்பினா அந்தக் கரையில விழும்."

"அப்படிப் பேசக்கூடாது. படகு போகிற தண்ணி மத்திய அரசோட ஆளுகைக்கு உட்பட்டது. துப்பறதெல்லாம் மாநில விவகாரம்."

படகை இறக்கினார்கள். ப்ரூக்ஹார்ட் டையைத் தோளின் மேல் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். படகு சேற்றில் அமர்ந்தது. உதவியாளர்கள் முழங்கால் அளவு இறங்கித் தள்ளினார்கள். ஒருவன் காலணி சேற்றோடு போனது. படகு நகர்ந்தது. நாடாவைப் போட்டு அளந்து, 'பதினோரு அடி, உதவியுடன்' என்று ப்ரூக்ஹார்ட் கோப்பில் எழுதிக்கொண்டார். ஆனால் அவர் மனசாட்சி உள்ள மனிதர். பதினோரு அடி போதாது என்று அவருக்கே தெரிந்தது. முகம் வாடிப்போய்விட்டது. ஹால்வருக்குப் பாவமாக இருந்தது. உள்ளே அழைத்துக் காபி கொடுத்தார்.

அங்கேதான் சனியன் சுவரில் மாட்டியிருந்தது. பொன்னெழுத்துப் போட்ட ஆறு நற்சான்றிதழ்கள், கண்ணாடிச் சட்டத்தில்.

"இதெல்லாம் என்ன ஐயா?"

தவளை தன் வாயால் கெடும். ஹால்வர் பெருமையால் கெட்டார். "என் மனைவிக்கு உங்க கவர்ன்மென்ட் குடுத்தது சார். அந்தத் தண்ணிக்கு வாத்து வரும். சில வாத்துக்குக் கால்ல வளையம் இருக்கும், அதுல நம்பர் இருக்கும். கையில சோளத்தை வச்சிக்கிட்டு உட்கார்ந்திருப்பா, அது வந்து தின்னும்போது நம்பரைக் குனிஞ்சு படிப்பா. ஒரு கார்டுல எழுதித் தபால்ல போடுவா. முப்பத்திரண்டு வருஷம் சார், ஒரு வருஷம் தப்பினதில்ல. ஒரு வாத்து லூசியானாவுல வளையம் போட்டதாம். இன்னொண்ணு கனடா!"

ப்ரூக்ஹார்ட் காபியைக் கீழே வைத்தார். "கனடாவா?" என்று கேட்டுக்கொண்டே கோப்பைத் திறந்தார்.

மூன்று வாரத்தில் கடிதம் வந்தது. ஹால்வர் அதை எடுத்துக்கொண்டு டெல்மரிடம் போனார். டெல்மர்தான் ஊரில் சவப்பெட்டிக் கடை வைத்திருப்பவர். கல் அறையின் சாவியும் அவரிடம்தான். இருவரும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு.

டெல்மர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உரக்கப் படித்தார். "'மேற்படி நிலத்தில் மாநில எல்லைகளையும் நாட்டு எல்லையையும் கடந்துவரும் வாத்துகள் இறங்குவதால், அது மாநிலங்களுக்கிடையிலான வணிகத்தோடு தொடர்புடைய நீர்நிலையாகிறது. அனுமதியின்றி இந்நீர்நிலையில் நிரப்புப் பொருள் எதையும் இடுவது குற்றம். சிக்னே டாலன், இறந்தவர், சட்டத்தின் பார்வையில் நிரப்புப் பொருள் ஆவார்.' யோவ் ஹால்வர், என்னய்யா இது? சிக்னேயை மண்ணு ஜல்லி மாதிரி சொல்லியிருக்கான்?"

"மேல படி."

"'நிரப்புப் பொருளின் கொள்ளளவைக் கன அடியில் தெரிவிக்கவும்.' அடப்பாவி! அவ மட்டும் இருந்திருந்தா இதைக் கேட்டவனைத் துடைப்பத்தாலயே அளந்திருப்பா."

"தலைப்பைப் படி டெல்மர்."

டெல்மர் கடிதத்தைத் திருப்பினார். மேலே கொட்டை எழுத்தில் 'பொருள்: மேரிட் நீர்நிலை' என்று இருந்தது. கூடவே ஒரு வரைபடம். அதில் பண்ணையின் கீழ்க்கோடியில் நீல மையில் சின்ன வட்டம் போட்டு 'மேரிட்' என்று அச்சடித்திருந்தார்கள்.

டெல்மர் கண்ணாடியைக் கழற்றினார். குழந்தையைப் புதைத்த அன்று வில்லோ மரத்தடியில் நின்றவர்களில் அவரும் ஒருவர். "அந்தக் கார்டுல எல்லாம் 'பார்த்த இடம்'னு கேட்டிருப்பாங்க போல. அவ பாட்டுக்குக் குழந்தை பேரை எழுதியிருக்கா. இவனுங்க குளத்தோட பேருன்னு நினைச்சுட்டானுங்க."

ஹால்வர் கடிதத்தை வாங்கி மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். "எப்படிப்பா இருக்கே?" என்று டெல்மர் கேட்டதற்கு "மோசமில்லை" என்றார்.

அந்த மே மாதம் கல் அறையிலிருந்து ஏழு பேர் போனார்கள். சிக்னே மட்டும் தங்கினாள். டெல்மர் வாசலில் ஒரு மடக்கு நாற்காலி போட்டுக் கொடுத்தார். ஹால்வர் சனிக்கிழமைதோறும் காபியோடு வந்து உட்கார்ந்து போனார்.

செய்தி பத்திரிகையில் வந்ததும் கார்ல்டன் ஸ்டைல்ஸ் என்ற வக்கீல் தேடிக்கொண்டு வந்தார். சுதந்திர மண் அறக்கட்டளையின் வக்கீல். சட்டைப்பையில் அரசியல் சாசனத்தின் குட்டிப் பிரதி ஒன்று வைத்திருந்தார். பேசும்போது நெஞ்சைத் தொட்டால் அதைத் தொடுகிறார் என்று அர்த்தம்.

"ஹால்வர் ஐயா, கவலையே படாதீங்க. ஒரு பைசா வேண்டாம், நாங்க வாதாடறோம். மாநிலங்கள்கிட்ட இருந்து மத்திய அரசு இருநூறு வருஷமா பிடுங்கினதையெல்லாம் இந்த ஒரு வழக்குல திருப்பிப் பிடுங்கிடலாம். சாசனத்தோட பத்தாவது திருத்தம் தெரியுமா? குடுக்காத அதிகாரமெல்லாம் மாநிலத்துக்கும் மக்களுக்கும்தான். அந்தக் கல் அறையில படுத்திருக்கறது உங்க மனைவி இல்ல ஐயா. பத்தாவது திருத்தம்!"

"அவ சிக்னே சார்," என்றார் ஹால்வர்.

"அதைத்தான் சொல்றேன்."

"நான் ஒண்ணு கேக்கலாமா சார்? ஜூலைல தண்ணி வத்தினதும் நானும் டெல்மரும் சத்தமில்லாம புதைச்சிடறோம். பெரிய வேலை இல்ல. மம்பட்டி இருக்கு."

ஸ்டைல்ஸ் பதறிவிட்டார். "ஐயையோ! புதைச்சிட்டா வழக்கு செத்துடும்!"

"அவளே செத்துட்டாளே சார்."

"புரியாம பேசறீங்க. புதைச்சாச்சுன்னா அப்புறம் தீர்ப்பு சொல்ல என்ன இருக்கு? கோர்ட்டு தூக்கிப் போட்டுடும். அவங்க மண்ணுக்கு மேல இருக்கற வரைக்கும்தான் இந்த நாட்டுக்கு நம்பிக்கை. தப்பா நினைக்காதீங்க, எவ்வளவு நாள் ஆகுதோ அவ்வளவு நல்லது."

புதைக்கக்கூடாது என்று சொன்ன அரசாங்கம் ஒரு பக்கம். புதைத்தே ஆக வேண்டும் என்று வாதாட வந்த வக்கீலும் புதைக்காதே என்கிறார். ஹால்வர் இருவரையும் எதிர்த்துப் பேசவில்லை. அந்த ஊர்க்காரர்களுக்கு அந்தப் பழக்கம் இல்லை. ஸ்டைல்ஸுக்கு இன்னொரு கோப்பைக் காபி ஊற்றினார்.

இலையுதிர்காலத்தில் வழக்கு நகரத்து நீதிமன்றத்துக்கு வந்தது. ஹால்வர் கல்யாணத்துக்கு எடுத்த கோட்டைப் போட்டுக்கொண்டு போனார். நீதிமன்றக் கட்டியக்காரன், "அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மேரிட் வழக்கு!" என்று கூவினான். ஹால்வர் யாரோ தன்னை முதுகில் தட்டியதுபோலத் திரும்பிப் பார்த்தார்.

ப்ரூக்ஹார்ட் எழுந்து பேசினார். அவர் கண்கள் பளபளத்தன.

"கனம் நீதிபதி அவர்களே! ஆயிரத்து எழுநூத்து எண்பத்தேழுல, பிலடெல்பியாவுல, யாரும் ஒட்டுக் கேக்கக்கூடாதுன்னு ஜன்னலையெல்லாம் சாத்திக்கிட்டு, வேர்க்க வேர்க்க உட்கார்ந்து நம்ம பெரியவங்க ஒரு சாசனம் எழுதினாங்க. மாநிலங்களுக்கு நடுவுல நடக்கிற வணிகத்தை மத்திய அரசு ஒழுங்குபடுத்தலாம்னு அதுல ஒரு வரி. ஒரே வரி. அந்த வரியை நாங்க சும்மா விடல. முதல்ல நீராவிக் கப்பலை அதுல ஏத்தினோம். தாங்குச்சு. ரயிலை ஏத்தினோம். தாங்குச்சு. ஒரு விவசாயி சொந்தக் கோழிக்குப் போடச் சொந்த நிலத்துல விளைச்ச கோதுமையை ஏத்தினோம். 'நான் விக்கவே இல்லையே, இது எப்படி வணிகம்'னு கேட்டார். 'நீ விக்காததாலதான்யா வணிகம் கெடுது'ன்னு சொன்னோம். அதுவும் தாங்குச்சு. இன்னைக்கு ஒரு வாத்து. வாத்து அப்படி என்ன கனம் இருந்துடப் போகுது?"

"வாத்துக்கும் வணிகத்துக்கும் என்ன சம்பந்தம்?" என்று நீதிபதி கேட்டார்.

"வாத்தைப் பார்க்க ஜனங்க மாநிலம் விட்டு மாநிலம் போறாங்க. போற வழியில பசிக்கும். சாண்ட்விச் வாங்குவாங்க. சாண்ட்விச் வணிகம். அந்த அம்மாவை அங்க புதைச்சா மேரிட்டுக்கு வாத்து வராது. வாத்து வரலைன்னா சாண்ட்விச் விக்காது. மேரிட்டைக் காப்பாத்தறதுதான் எங்க கடமை. மேரிட்டை நாங்க கைவிட மாட்டோம்!"

ஒட்டகம் கூடாரத்துக்குள் முதலில் மூக்கைத்தான் நுழைத்ததாம். இங்கே ஒட்டகமே எழுந்து நின்று அதைக் கதையாகச் சொல்லிக்கொண்டிருந்தது. நீதிபதி குறிப்பெடுத்துக்கொண்டார்.

அடுத்து ஸ்டைல்ஸ் நெஞ்சைத் தொட்டுக்கொண்டு எழுந்தார். "சாசனம் எழுதினவங்க வாத்தைப் பத்தி யோசிச்சாங்களா? யோசிக்கல. அவங்க வாத்தைச் சாப்பிட்டாங்க! இது மாநிலத்தோட மேரிட்! மத்திய அரசு மேரிட்டைத் தொடக்கூடாது. திருமதி டாலன் எத்தனை வருஷம் ஆனாலும் காத்திருக்கத் தயாரா இருக்காங்க. சுதந்திரத்துக்காகப் பொறுமையா இருக்கறதுல அவங்களை மிஞ்ச ஆளே கிடையாது."

மத்தியானத்துக்குள் அந்த அறையில் மேரிட் என்ற பெயர் நாற்பத்தேழு தடவை சொல்லப்பட்டது. ஹால்வர் எண்ணிக்கொண்டிருந்தார். எண்ண வேண்டும் என்று நினைத்து எண்ணவில்லை. நாற்பத்தோரு வருடம் தொண்டைக்குள் அடைத்து வைத்திருந்த பெயரைக் கறுப்புக் கோட்டுப் போட்டவர்கள் சர்வசாதாரணமாகச் சொல்லித் தண்ணீர் குடித்தார்கள்.

சாட்சியமாகச் சிக்னேயின் கார்டுகளைத் திரையில் பெரிதாகக் காட்டினார்கள். வளைய எண், தேதி, பார்த்த இடம். சாய்ந்த, நெருக்கமான எழுத்து. கடிதம் எழுதினால் ஓரம் விடமாட்டாள். ஒவ்வொரு கார்டின் கீழ்ப்பாதியிலும் ஒரு கறுப்புக் காகிதம் ஒட்டியிருந்தது.

ஹால்வர் எழுந்து நின்றார். "கீழ என்ன இருக்கு சார்?"

"அது குறிப்புப் பகுதி. வழக்குக்குச் சம்பந்தமில்லாதது," என்றார் ப்ரூக்ஹார்ட்.

"அது என் மனைவி கையெழுத்து சார்."

"உட்காருங்க ஐயா," என்றார் நீதிபதி. கோபமாகச் சொல்லவில்லை. "சம்பந்தம் இல்லாததைப் பார்க்க எனக்கே அதிகாரம் கிடையாது."

வாத்து எங்கெல்லாம் இறங்குகிறதோ அங்கெல்லாம் சாசனமும் இறங்குகிறது என்று தீர்ப்பு வந்தது. ப்ரூக்ஹார்ட் ஹால்வரின் கையைப் பிடித்துக் குலுக்கி, இவ்வளவு சுத்தமான ஆதாரம் தன் பணிக்காலத்தில் கிடைத்ததே இல்லை என்றும், திருமதி டாலனுக்கு அரசு என்றும் கடன்பட்டிருக்கிறது என்றும் மனதாரச் சொன்னார். ஸ்டைல்ஸுக்கும் வாயெல்லாம் பல். தோற்றால்தானே மேல்முறையீடு.

இரண்டாவது பனிக்காலம் வந்தது. கல் அறைக்குப் புது ஆட்கள் வந்தார்கள், மே மாதம் போனார்கள். சிக்னே பழைய குடியாகிவிட்டாள். அந்த வருடம் தேர்தல் வருடம் வேறு. மேலே காற்று மாறும்போதெல்லாம் ஹால்வருக்கு ஒரு கடிதம் வந்தது. பனிக்காலத்துக் கடிதம் கீழ்க்கோடியை நீர் என்றது. கோடைக்காலத்துக் கடிதம், பழைய கடிதம் ரத்து, அது வெறும் ஈரம் என்றது. இலையுதிர்காலத்துக் கடிதம் அதையும் ரத்து செய்து, 'நீராகக்கூடியது' என்றது. கீழ்க்கோடி மட்டும் வழக்கம்போல ஏப்ரலில் நிறைந்து ஜூனில் வற்றியது. அதற்குக் கடிதம் போகவில்லை போலிருக்கிறது.

"நான் ஒண்ணு சொல்லட்டுமா?" என்றார் டெல்மர் ஒரு சனிக்கிழமை. "ஊர் இடுகாட்டுலயே ஒரு இடம் தர்றேன். நல்ல இடம். மேட்டுல. வாத்து கீத்து எதுவும் வராது."

ஹால்வர் காபிக் கோப்பையைத் தரையில் வைத்தார். "அவ என்கிட்ட எதுவுமே கேட்டதில்ல டெல்மர். கல்யாணம் பண்ணி நாப்பத்தஞ்சு வருஷத்துல, துணி துவைக்கிற மெஷின்கூட நானாத்தான் வாங்கினேன். கேட்டது இது ஒண்ணுதான்."

"சரி விடு," என்றார் டெல்மர். கல் அறைக் கதவின் கீலுக்கு எண்ணெய் போட வேண்டும் என்று சொல்லிவிட்டு எழுந்து போய், முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

ஜனவரியில், வாஷிங்டனில், வேறு ஏதோ ஊரின் வேறு ஏதோ பள்ளத்தைப் பற்றிய வழக்கில், ஒன்பது நீதிபதிகளில் ஐந்து பேர் வாத்து இறங்கினால் மட்டும் போதாது என்று சொல்லிவிட்டார்கள். மற்ற நான்கு பேர் போதும் என்றார்கள். ஒரு ஆள் அந்தப் பக்கம் சாய்ந்திருந்தால் சிக்னே இன்றைக்கும் கல் அறையில்தான். சாசனம் என்றால் என்ன என்று பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறவர்கள் இதை முதலில் சொல்லிவிடுவது நல்லது.

ப்ரூக்ஹார்ட் பனியில் காரை ஓட்டிக்கொண்டு தானே வந்து சொன்னார். படகு இல்லாத அந்தக் காரைப் பார்க்கவே என்னவோபோல் இருந்தது.

"வாத்து போச்சு ஐயா," என்றார். கண் கலங்கியிருந்தது. "பதினஞ்சு வருஷம் வாத்தை வச்சுத்தான் எல்லாம் பண்ணினோம். இனிமே உங்க நிலத்துல எங்களுக்கு அதிகாரமில்ல. நீங்க புதைச்சுக்கலாம். வரைபடத்துலயும் திருத்தியாச்சு." புதிய வரைபடத்தைப் பிரித்துக் காட்டினார். கீழ்க்கோடியில் நீல வட்டம் இல்லை.

"பேரு?" என்றார் ஹால்வர்.

"குளமே இல்லைன்னு ஆன பிறகு பேரு எதுக்கு ஐயா? எல்லாப் பிரதியிலயும் நீக்கிட்டோம். அதுல நாங்க சுத்தம்."

ஸ்டைல்ஸ் தொலைபேசியில் கத்தினார். "சுதந்திரம் ஜெயிச்சிருச்சு ஐயா! டிவிக்காரங்களோட வரேன். இன்னைக்கே புதைச்சிடலாம்!"

"மண்ணு இறுகிக் கெடக்கு சார். மே மாசம்தான்."

"மேயா? மே மாசம் யாருக்கு ஐயா ஞாபகம் இருக்கும்?" என்றார் ஸ்டைல்ஸ். அதன் பிறகு அவர் கூப்பிடவே இல்லை.

சாமி வரம் கொடுத்தும் பூசாரி கொடுக்கவில்லை. பூசாரி மண். மூன்றாவது மே மாதம் வந்த பிறகுதான் மண்ணும் சம்மதித்தது. பாதிரியார், டெல்மர், ஹால்வர், அக்கம்பக்கத்தவர் நாலு பேர். சின்னக் கல்லுக்குப் பக்கத்தில் ஹால்வரே முதல் மண்ணை வெட்டினார். தண்ணீரில் நாலைந்து வாத்துகள் மிதந்துகொண்டிருந்தன. ஒன்றின் காலில் வளையம் மின்னியது. எல்லோரும் அதைப் பார்த்தார்கள். யாரும் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

மண் மூடிய பிறகு ஹால்வருக்கு அந்தக் கறுப்புக் காகிதம் ஞாபகம் வந்துகொண்டே இருந்தது. கார்டுகளைத் திருப்பித் தரும்படி எழுதினார். பதில் உடனே வந்தது. மத்திய அரசுக்கு எழுதப்பட்டவை மத்திய அரசின் சொத்து. இந்த அதிகாரத்தில் எந்த நீதிமன்றமும் இதுவரை கைவைத்ததில்லை. செவ்வாய்க்கிழமைகளில் நேரில் வந்து பார்க்கலாம்.

மூன்று மணி நேரம் வண்டியோட்டிப் போனார். பதிவறையில் யோலண்டா என்ற நடுவயது அம்மாள் ஒரு அட்டைப்பெட்டியைத் தூக்கிவந்து மேஜையில் வைத்தாள்.

"நகல் எடுத்துக்கலாமாம்மா?"

"நம்பர், தேதி, இடம் இந்த மூணையும் எடுத்துக்கலாம் சார். கம்ப்யூட்டர்ல அதுக்குத்தான் கட்டம் இருக்கு. கீழ இருக்கற குறிப்புக்குக் கட்டம் இல்ல. கட்டம் இல்லாததை நகல் எடுக்க முடியாது."

"அதை யாராவது படிச்சிருக்காங்களா?"

"படிக்கற வேலை இந்தப் பிரிவுக்குக் கிடையாதே சார்," என்றாள் யோலண்டா. கொஞ்சம் கூச்சத்தோடுதான் சொன்னாள்.

ஹால்வர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் கார்டை எடுத்தார். முப்பத்துநாலு வருடப் பழைய தாள். எண், தேதி. இடம்: மேரிட். கீழே, ஓரம் விடாமல்: 'ஆண் வாத்து. நல்ல ஆரோக்கியம். இன்று மேரிட்டுக்கு ஒன்பது வயது. நீங்கள் கேட்கவில்லைதான், ஆனாலும் சொல்கிறேன்.'

இன்னொன்று. 'இந்த வாத்து லூசியானாவிலிருந்து வந்ததாக எழுதியிருந்தீர்கள். நன்றி. அங்கே குளிரே இல்லையாமே. அங்கே பிறந்திருந்தால் பிழைத்திருப்பாளோ?'

இன்னொன்று. 'மேரிட்டின் வயதுப் பெண்களுக்கெல்லாம் இந்த வருடம் கல்யாணம் ஆகிறது. மூன்று கல்யாணத்துக்குப் பால்கேக் செய்து கொடுத்தேன். வளையம் கொஞ்சம் தேய்ந்திருக்கிறது, கடைசி எண் ஆறா எட்டா தெரியவில்லை.'

இப்படி முப்பத்திரண்டு வருடம். நான்கு தடவை பெட்டியை மூடிவிட்டுப் போய்விடலாம் என்று எழுந்தார். நான்கு தடவையும் உட்கார்ந்தார். பெட்டியின் அடியில் கடைசிக் கார்டு இருந்தது. அவள் இறப்பதற்கு ஒரு மாதம் முன்பு எழுதியது. எழுத்து கோணியிருந்தது. வளைய எண் என்ற இடம் காலியாக இருந்தது.

'இந்த வருடம் எண் எதுவும் இல்லை. கண் தெரியவில்லை. சும்மா எழுதுகிறேன். ஹால்வர் மேரிட்டின் பெயரைச் சொன்னதே இல்லை. சொன்னால் நான் தாங்கமாட்டேன் என்று நினைக்கிறார். நான் சொன்னால் அவர் தாங்கமாட்டார் என்று நானும் சொல்லவில்லை. அதனால்தான் இத்தனை வருடமும் உங்களுக்கு எழுதினேன். உங்களிடம் சொன்னால் யாருக்கும் வலிக்காது. இனிமேல் எழுத முடியாது என்று நினைக்கிறேன். ஒரு தடவையாவது அவர் வாயால் அந்தப் பெயரைக் கேட்டிருக்கலாம்.'

அதன் மேல் சிவப்பு மையில் முத்திரை குத்தியிருந்தது. 'வளைய எண் இல்லை. நிராகரிக்கப்பட்டது.'

யோலண்டா தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். "சார், எப்படி இருக்கீங்க?"

ஹால்வர் நிமிர்ந்தார். எழுபத்தைந்து வருடமாகத் தயாராக இருந்த அந்தப் பதில் வாய் வரைக்கும் வந்தது. "மோசமா இருக்கும்மா," என்றார். "ரொம்ப மோசமா இருக்கு." கட்டம் இல்லாத அந்த மேஜையில் தலையைச் சாய்த்து, குழந்தைபோல அழுதார். யோலண்டா வேலை நேரம் முடிந்த பிறகும் விளக்கை அணைக்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து கதவைச் சாத்திவிட்டு, அந்தக் கடைசிக் கார்டை அவர் சட்டைப்பைக்குள் வைத்தாள்.

"நிராகரிச்சது சார் இது. அப்போ எங்களுதும் இல்ல."

ஊர் வந்து சேர்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. ஹால்வர் வீட்டுக்குள் போகவில்லை. கோட்டோடு நேராகக் கீழ்க்கோடிக்கு நடந்தார். தண்ணீர் பாதி வற்றியிருந்தது. வாத்துகள் கரையோரம் இருந்தன. பழைய கல்லுக்கும் புது மண்ணுக்கும் நடுவில் நின்று வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. மறுபடி திறந்தார்.

"மேரிட்," என்றார்.

வாத்துகள் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி மேயத் தொடங்கின. ஹால்வர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, சிக்னேவுக்கும் கேட்கும்படி, இன்னும் கொஞ்சம் உரக்கச் சொன்னார்.